மூன்றாம் தொட்டி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நண்டு எழுதுகிறேன். நானும் என் மனைவியும் இங்கே சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற முடிகிறதா, இல்லை வழக்கம்போல எங்களிடம் மறைக்கிறாயா?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். இந்தச் செய்தியை நீ பாதியில் வைத்துவிடக் கூடாது. அக்கா, தங்கம்! நம் 'மூன்றாம் தொட்டி' பியருக்குத் தங்கப் பதக்கம். நூற்றுப் பதினேழு சின்ன ஆலைகள் கலந்துகொண்டன. எது யாருடையது என்று சொல்லாமல் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துத்தான் மார்க் போடுகிறார்கள். நடுவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "நாக்கில் ஒரு துளி இனிப்பையும் மிச்சம் வைக்காமல் முடிகிறது. இந்த வறட்சி எப்படி வந்தது என்று புரியவில்லை."

எனக்கும் முழுதாகப் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. அதே மால்ட், அதே ஈஸ்ட், அதே தண்ணீர். முதல் இரண்டு தொட்டிகளில் போட்டால் பரவாயில்லை என்று சொல்லும்படி வருகிறது. மூன்றாவதில் போட்டால்தான் இது. அந்தத் தொட்டியின் அடி வால்வில் ஒரு பழைய ரப்பர் வாஷர் இருக்கிறது. விரிசல் விட்டு, கறுத்து, பார்க்கச் சகிக்காது. அதிலிருந்துதான் இந்தச் சுவை வருகிறது என்பது என் முடிவு. மாற்றச் சொல்லி அவள் ஒரு வருடமாக நச்சரிக்கிறாள். இனிமேல் மாற்றுவேனா? கண்ணில் வைத்துக் காப்பாற்றுகிறேன்.

இன்னொன்று. பாட்டிலில் அடைத்த பிறகு இரண்டு மாதம் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் இன்னும் வறண்டு இன்னும் அருமையாகிறது. வருடா வருடம் உன் பத்திரிகையில் 'பரிசு பெற்ற பத்து சின்ன ஆலைகள், எதைக் குடித்துப் பார்க்கலாம்' என்று எழுதுகிறாயே, அதில் இதைப் போடு. முதல் இடம் கேட்கவில்லை. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.

நேற்று கிடங்கில் ஒரு பாட்டில் தானாக உடைந்து தரையெல்லாம் நுரை. இப்போது வருகிற கண்ணாடி அவ்வளவு மட்டம்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் தம்பி
நண்டு

பிப்ரவரி 12

அன்புள்ள நண்டுவுக்கு,

முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறையில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் அழுதேன். பன்னிரண்டு வருடமாக நீ காய்ச்சியதையெல்லாம் ருசி பார்த்து, "சுமார்டா" என்று சொன்னவள் நான்தான். அந்த 'சுமார்' உன்னை எவ்வளவு குத்தியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. தங்கம்! பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளுக்குப் பியர் பிடிக்காது, பதக்கம் பிடிக்கும். துள்ளிக் குதித்தாள்.

பட்டியலுக்கு இதுவரை ஆறு தேறியிருக்கிறது. பழைய பஸ் பட்டறைக்குள் ஆலை நடத்துகிற மெக்கானிக்கின் கறுப்பு பியர் உறுதி. கருகிய ரொட்டி ஓரத்தின் மணம், கடைசியில் கொஞ்சம் கசப்பு. மழை நாளில் ஒன்று போதும். சலவைக்கூடத்தில் இரண்டு சகோதரிகள் புளிப்பு பியர் போடுகிறார்கள். முதல் வாய்க்கு முகம் சுளிப்பாய், இரண்டாவதுக்குக் கோப்பையை நீட்டுவாய். வெள்ளி வாங்கிய கோதுமை பியர் ஒன்று இருக்கிறது. அதை வெள்ளிக்காகக் குடிக்க வேண்டாம், தாகத்துக்குக் குடிக்கலாம். ஒருவர் பியரில் மிளகாய் போட்டிருக்கிறார். அவருக்கும் எங்கோ பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுக்கமாட்டேன்.

இப்போது உன் விஷயம். கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாக எழுதினாயே, அந்த உடைந்த பாட்டில். ஒன்றுதானா? ஒன்பது வருடம் ஆலை ஆய்வகத்தில் குப்பை கொட்டியவள் நான். உன் வாஷர் கதை எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல ஈஸ்ட் தனக்குரிய சர்க்கரையைத் தின்றுவிட்டுப் படுத்துவிடும். விரிசலில் குடியிருக்கிற காட்டு ஈஸ்ட் அப்படி இல்லை. மிச்சத்தையும் விடாது. பாட்டிலுக்குள் போயும் தின்னும். தின்னத் தின்ன வாயு. வெளியே வைத்தால் இன்னும் வேகம். நடுவர் மெச்சிய வறட்சி அதுவாக இருந்தால், உன் பாட்டில்கள் ஒவ்வொன்றும் ஒரு வெடி.

அடைக்கும்போது சர்க்கரை அளக்கிற மிதவை எவ்வளவு காட்டியது? இன்று ஒரு பழைய பாட்டிலைத் திறந்து, வாயுவைப் போக்கிவிட்டு அளந்தால் எவ்வளவு? இந்த இரண்டு எண்ணை மட்டும் எழுது. மற்றதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 1

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? அவள் கேட்கச் சொன்னாள்.

பதில் தாமதம். தலைக்கு மேல் வேலை. பதக்கம் அச்சடித்த புது லேபிள் வந்துவிட்டது. தங்க நிறம் வெளிச்சத்தில் மின்னுகிறது, பார்த்தால் அசந்துபோவாய். நாற்பது கடைகள் கேட்டிருக்கின்றன. நானும் அவளும் ஒரே வாரத்தில் ஆயிரத்து இருநூறு பாட்டில் அடைத்தோம். விரல் நுனியெல்லாம் பசை.

நேற்று ஒரு கடைக்காரர் வாசல்வரை வந்து கை கொடுத்தார். போன வருடம் என்னைப் பின்வாசலில் நிற்க வைத்தவர் அவர். "உங்க பியர் இல்லாம கடையைத் திறக்கவே முடியலங்க" என்றார். பதிலுக்கு ஏதாவது சுருக்கென்று சொல்லியிருக்க வேண்டும். பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

மெக்கானிக்கின் கறுப்பு பியரைப் பற்றி நீ எழுதியது ரொம்பச் சரி. மிளகாய்க்காரரைப் பட்டியலில் சேர்க்காதே.

அவள் வெல்டிங் செய்கிறவர்கள் போடுகிற முகக்கவசம் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதை மாட்டிக்கொண்டுதான் கிடங்குக்குள் போகிறாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. தடிமனான கண்ணாடிக்கும் சொல்லியிருக்கிறேன், அடுத்த மாதம் வரும்.

பட்டியல் எந்த இதழில் வருகிறது? ஜாக்கிரதையாக இரு.

நண்டு

மார்ச் 9

நண்டு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

லேபிள், கடைக்காரர், மெக்கானிக், மிளகாய், முகக்கவசம் எல்லாம் எழுதியிருக்கிறாய். இரண்டு எண் கேட்டேன். அதைக் காணோம்.

உன் மனைவி எதற்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு கிடங்குக்குள் போகிறாள்? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி பட்டியல் அச்சுக்குப் போகிறது. அதற்குள் எண் வேண்டும்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

சுகம். எல்லாம் சரியாக இருக்கிறது. என்மேல் நம்பிக்கை வை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வை.

நண்டு

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இன்று தேவலை. அங்கே எப்படி?

இதழ் வந்துவிட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குத்தான் முதல் இடம். நான் எழுதியதை நீ கடையிலேயே படித்திருப்பாய், இருந்தாலும் ஒருமுறை என் கையால் எழுதுகிறேன்: "மூன்றாம் தொட்டி. இந்த வருடம் ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவேன் என்பவர் இதை வாங்குங்கள். வாங்கியவுடன் திறந்துவிடாதீர்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். வீட்டில் ஓர் அலமாரியில், இருட்டில், இரண்டு மாதம் வைத்திருங்கள். பொறுமைக்குப் பலன் உண்டு."

நீ எண் எழுதவில்லை. எழுதாமலேயே நான் அச்சுக்குக் கொடுத்தேன். இருபத்தேழாம் தேதி மாலைவரை தபால்காரரை எதிர்பார்த்தேன். பிறகு உன் "ஒரே ஒரு தடவை" என்ற வரியை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் உன்னைச் சுமார் என்று சொன்ன வாய். இந்த ஒரு முறையும் நான் குறுக்கே நின்றால் நீ என்னை மன்னிக்கமாட்டாய் என்று தோன்றியது. இதைச் சப்பைக்கட்டு என்று நீ சொல்லலாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதாவது எழுது. எண் என்ன?

அவளுக்கு என் அன்பு.

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதுகிறேன். உங்கள் உடம்பு குணமாகிவிட்டதா? இங்கே சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. நீங்கள் எண் கேட்டு எழுதிய கடிதங்கள் அவருடைய சட்டைப் பையில் கிடந்தன. துவைக்கப் போட்டபோது படித்தேன். அக்கா, உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே அவர் அளந்துவிட்டார். மூன்றாம் தொட்டிக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அடைத்தபோது பத்து. பிப்ரவரியில் ஏழு. மார்ச்சில் ஐந்து. போன வாரம் மூன்று. இன்னும் இறங்குகிறது.

ஏப்ரலில் மட்டும் கிடங்கில் பதினொரு பாட்டில் வெடித்தது. ஒரு கண்ணாடித் துண்டு மரக்கதவில் விரல் நீளத்துக்கு ஏறி நிற்கிறது. நான் அதைப் பிடுங்கவில்லை. அவர் தினமும் பார்க்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அவர் அந்தக் கதவைத் திறக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

கெஞ்சினேன், சண்டை போட்டேன், மூன்று நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். "எல்லாக் கடையிலேர்ந்தும் திருப்பி எடுத்துடுங்க" என்றால், "எடுத்தா ஏன்னு கேப்பாங்க" என்கிறார். "கேட்டா சொல்லுங்க" என்றேன். அப்போதுதான் கத்தினார். "பன்னெண்டு வருஷம் நான் போட்ட எதையும் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல. பார்த்த ஒண்ணும் நான் போட்டதில்ல, அழுக்கு வாஷர் போட்டதுன்னு என் வாயால ஊருக்குச் சொல்லணுமா?" பிறகு தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர்மேல் கோபமும் போகவில்லை, இரக்கமும் போகவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் பேச்சை மட்டும்தான் அவர் கேட்பார். ஏதாவது செய்யுங்கள்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 15

நண்டு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இன்று கேட்கப்போவதில்லை.

பத்து, ஏழு, ஐந்து, மூன்று. யார் சொன்னார்கள் என்று வீட்டில் சண்டை போட்டால் எனக்கும் உனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மூன்றுக்கு இறங்கிய பாட்டிலில் எவ்வளவு வாயு இருக்கும் என்று உனக்கே தெரியும். யாரோ அதைக் கையில் எடுக்கும்போது, முகத்துக்கு நேராகப் பிடித்து லேபிளைப் படிக்கும்போது. அலமாரியில் வையுங்கள் என்று நான் வேறு எழுதியிருக்கிறேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாளைக்கே பத்திரிகையில் எச்சரிக்கை போட என்னால் முடியும். போட்டால் உன் அக்காவே உன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்றாகும், நீ மறைத்தவன் என்றாகும். நீயாகவே எல்லாப் பாட்டிலையும் திருப்பி எடுத்து, காரணத்தையும் சொன்னால் பதக்கம் போகும், பெயர் மிஞ்சும். அதற்காக ஒரு வாரம் தருகிறேன். கடைக்குக் கடை போ. வாங்கியவர்களுக்கும் போய்ச் சேரும்படி சொல். கிடங்கில் இருப்பதைச் சாக்குப் போட்டு மூடி, குளிரவைத்து, கவசம் மாட்டிக்கொண்டு திற. அந்த வாஷரைக் கழற்றிக் குப்பையில் போடு.

ஒரே வாரம்டா.

அக்கா

மே 24

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். அவள் என்னோடு பேசுவதில்லை, அதனால் சுகம் என்று எழுத முடியவில்லை. உன் காய்ச்சல் விட்டதா?

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். நாற்பது கடைக்கும் தகவல் அனுப்பினேன். மூன்றாம் தொட்டி முழுவதையும் திருப்பித் தரச் சொல்லிவிட்டேன். வாங்கியவர்களிடம் இருந்தால் மாற்றி வேறு தருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறேன். இருநூறுக்கு மேல் வந்துவிட்டது.

காரணம் மட்டும் வேறு. புது லேபிளில் பதக்கத்தின் தங்க நிறம் சரியாக விழவில்லை, அதனால் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதினேன். அக்கா, கோபிக்காதே. பாட்டில் திரும்பி வந்தால் போதும்தானே? என்ன காரணம் சொன்னால் என்ன? ஆபத்து என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அடுத்த நாள் ஆலைக்குப் பூட்டு. இப்போது யாருக்கும் கெடுதல் இல்லை, எனக்கும் இல்லை.

வாஷரைக் கழற்றிவிட்டேன். தொட்டியை மூன்று தரம் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவினேன். புது வாஷர் போட்டு நேற்று மறுபடி பியர் காய்ச்சி ஊற்றியிருக்கிறேன். எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். சுமாராகத்தான் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நண்டு

ஜூன் 7

தம்பி,

நான் உயிரோடு இருக்கிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

ஜூன் 2ஆம் தேதி காலை ஒரு பெண் தன் வீட்டில் துணி துவைக்க சோப்பு எடுக்கப் போயிருக்கிறார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். சோப்பு இருந்த அலமாரியில் உன் பாட்டில்கள் ஆறு. கதவைத் திறந்தபோது ஒன்று வெடித்தது. அது வெடித்ததில் பக்கத்தில் இருந்த இரண்டும் வெடித்தன. வலது கண் போய்விட்டது, எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் இருந்த துண்டை எடுத்துக் கட்டுப்போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் தெரியலாம் என்று டாக்டர் சொல்கிறார், அதற்கு மேல் அவர் வாயைத் திறப்பதில்லை.

வெடித்தது எந்தப் பியர், அதை அலமாரியில் வைக்கச் சொன்னது எந்தப் பத்திரிகை என்று ஆஸ்பத்திரியில் இருந்து எங்கள் அலுவலகத்துக்கு போன் வந்தது. ஆசிரியர் என் மேசைக்கு வந்து நின்றார். அன்று மாலையே போனேன். வார்டு வாசலில் அவருடைய கணவர் நின்றார். அச்சகத்தில் வேலை செய்பவர், மெலிந்த மனிதர். நான் யார் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் பட்டியல். கத்தரித்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாராம். ஓரத்தில் பசை காய்ந்திருந்தது.

"நீங்க எழுதினபடியேதாங்க வெச்சேன். குளிர்பெட்டியில வெக்கல. ஒரு நாள்கூட முன்னாடி தொடல. இன்னும் மூணே நாள்தான் இருந்துது" என்றார். தானே தப்பாக எதையோ செய்துவிட்டோமோ என்று என்னிடம் கேட்கிற குரல் அது.

கடையில் திருப்பிக் கேட்டார்களே, ஏன் தரவில்லை என்றேன். "கேட்டாங்க. லேபிள்ல நிறம் சரியில்லன்னாங்க. நான் அச்சுவேலை பாக்குறவன்ங்க, நிறம் தப்பா விழுந்த லேபிள் அபூர்வம்னு எனக்குத் தெரியும். பத்திரமா இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன்."

நண்டு, ஆபத்து என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே ஆறையும் தூக்கிக் கொடுத்திருப்பார்.

கடைசியாக அவர் கேட்டது இது: "இப்படி ஆகும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?" நான் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அன்று இரவே பத்திரிகையில் எச்சரிக்கை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எல்லா நாளிதழிலும் வந்தது. உன்னிடமும் வருவார்கள்.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆலையைப் பூட்டிவிட்டார்கள். அவள் அந்த முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியில் வீடு வீடாகப் போய்ப் பாட்டில்களை வாங்கி வருகிறாள். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை மூடினால் சோப்பு எடுக்கப் போகிற ஒரு கை தெரிகிறது.

விசாரணை அதிகாரி இரண்டு முறை வந்தார். எப்போது தெரியும் என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறார். மே மூன்றாவது வாரத்தில்தான் சந்தேகம் வந்தது, உடனே திருப்பி எடுத்தோம் என்று சொல்லியிருக்கிறேன். சுவரில் இருந்த எண்களை அழித்துவிட்டேன். வக்கீல் சொல்கிறார், தெரிந்தே விற்றேன் என்று ஆனால் சிறை, தெரியாமல் நடந்தது என்றால் அபராதத்தோடு போய்விடுமாம்.

தெரியும் என்பதற்கு இப்போது உலகத்தில் இருப்பது நம் கடிதங்கள் மட்டும்தான். உன்னிடம் இருக்கும் என் கடிதங்களில் மே 24ஆம் தேதியதை எடுத்துவிடு. அவள் உனக்கு எழுதியதையும் எடுத்துவிடு. நீ எழுதியவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்காக மட்டும் கேட்கவில்லை. பிப்ரவரியிலேயே எண் கேட்டவள் நீ. எண் வராமலே அச்சுக்குக் கொடுத்தவளும் நீ. உன் பெயரும்தான் அடிபடும்.

அந்த அம்மாவுக்கு என்னால் ஆனதைக் கடைசிவரை செய்வேன். வெளியே இருந்தால்தானே செய்ய முடியும்? கொஞ்சம் யோசித்துப் பார்.

உன் தம்பி

ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் எழுத வருகிறது. அது பொய்யில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். நான்கு நாள் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஆறு வயதில் நீ மாடியில் இருந்து விழுந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். இப்போதும் தூக்கிக்கொண்டு ஓடத்தான் கால் பரபரக்கிறது. அந்த இரண்டு கடிதத்தையும் தனியாக எடுத்துக்கூட வைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி உன் மனைவி வந்தாள். நான் உனக்கு எழுதியவை எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தாள். நீ அடுப்பில் போடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டாளாம். மேசைமேல் வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்க்கா" என்றாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள், இன்னும் எண்பது வீடு பாக்கி என்று.

மறுநாள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தார்கள், நீதிமன்றத்தில் கேட்கும்போது தர வேண்டுமாம். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கணவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை அல்லவா?

கணவர் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மா மட்டும் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. கணீரென்ற குரல். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்த குரல். யார் என்று சொன்னேன். கொண்டுவந்திருக்கிற கடிதங்களைப் பற்றியும் சொன்னேன்.

"நான் பியரைத் தொட்டதே இல்லைங்க. வண்டி ஓட்டுறவ" என்றார். பிறகு, "கொண்டுவந்ததைப் படிங்க. எனக்கு இப்பப் படிக்க முடியாது பாருங்க" என்றார்.

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். உன் பதக்கத்தைப் படித்தேன். மெக்கானிக்கின் கறுப்பு பியரைப் படித்தேன். அங்கே அவர் லேசாகச் சிரித்தார், மிளகாய்க்காரர் வந்த இடத்தில். எண் கேட்டதைப் படித்தேன், எண் வராததைப் படித்தேன். அவருடைய அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த என் வரிகளை அவருக்கே படித்தேன். உன் மனைவியின் கடிதத்தைப் படித்தேன். உன் மே 24 கடிதத்தைப் படித்து முடித்ததும் கையைத் தூக்கினார்.

"இந்தக் கடுதாசி உங்க கைக்கு என்னிக்கு வந்துது?"

"இருபத்தெட்டாம் தேதி."

"லேபிள்னு பொய் சொல்லித்தான் திருப்பிக் கேக்குறாங்கன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்க பத்திரிகைக்கு நீங்க சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு போன்" என்றேன். எச்சரிக்கையை எழுதிவிட்டுக் கிழித்தேன் என்பதையும், பாட்டில்கள் திரும்பி வந்துகொண்டுதானே இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதையும் சொன்னேன். என் தம்பிங்க என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது.

அவர் போர்வைமேல் இடது கையை விரித்து வைத்துக்கொண்டார். இருபத்தொன்பது என்று கட்டைவிரலை மடக்கினார். முப்பது. முப்பத்தொண்ணு. ஒண்ணு. ரெண்டு என்று சுண்டுவிரலை மடக்கினார். மடங்கிய கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"மிச்சத்தையும் படிங்க" என்றார்.

மிச்சம் இருந்தது நான் உனக்கு ஜூன் 7 எழுதியதும், நீ எனக்கு ஜூன் 14 எழுதியதும்தான். இரண்டையும் படித்தேன்.

அக்கா